அம்மம்மாவின் குசினிப் படத்தில் சேலையை மாற்றிக் கீறலாமா?

வெள்ளவத்தை மகள்:
எங்கள் ஹோலில் அம்மம்மாவின் எண்ணெய் வண்ணப் படம் ஒன்று இருக்கிறது. அறுபதுகளில் மாமாவின் கூட்டாளி ஒருவர் கீறியது. கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில், திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறார். தலைப்பை இடுப்பில் செருகியிருக்கிறார். பின்னால் புகை பிடித்த சுவர், காலடியில் சிரட்டை. குனிந்த முகம், கண் தெரியாது. ஆனாலும் பார்த்தவுடன் அம்மம்மாதான். வலது கை நரம்பைக்கூட அந்த மனிசன் விடவில்லை.

தம்பிக்குக் கலியாணம் வருகிறது. ஆட்கள் வந்துபோகும் இடத்தில் அம்மம்மா வேலைக்காரி மாதிரி இருக்கக்கூடாதாம். ஓர் ஓவியரைப் பிடித்துக் காஞ்சிபுரம் சேலை கீறுவித்து, சுவரையும் மூடிவிடுவோம் என்கிறான். எனக்கு மனமே ஒப்பவில்லை. அவனுக்கு என்ன சொல்லலாம்?

இன்னொன்று, படம் கடற்பக்கச் சுவரில் தொங்குகிறது. கீழ் மூலையில் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

சட்டக்கடை:
ஈரத்துணி வேண்டவே வேண்டாம் அக்கா. பாண், உருளைக்கிழங்கு தேய்க்கச் சொல்லுவார்கள், அதையும் கேளாதீர்கள். அந்த மாச்சத்துத்தான் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. படத்தை உள்சுவருக்கு மாற்றுங்கள். சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போகும். வெள்ளையாய் இருப்பது பூஞ்சணமா, வார்னிஷ் வெளிறியதா என்பதை ஓவியப் பாதுகாப்பு வேலை தெரிந்தவர் நேரில்தான் பார்க்க வேண்டும்.

பார்ன்ஸ் பிளேஸ் வாசகன்:
தம்பிக்கு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ படத்தைக் காட்டுங்கள். 1660ஐ ஒட்டிக் கீறியது, அரை மீற்றர் உயரம்கூட இல்லை. அவள் வேலைக்காரியேதான், குசினியில் நின்று பால் ஊற்றுகிறாள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் சனம் தேடிப்போய்ப் பார்ப்பது அவளைத்தான். 2022இல் ஆராய்ந்தபோது, தலைக்குப் பின்னால் குடம் மாட்டும் பலகையும் கீழே நெருப்புக் கூடையும் முதலில் இருந்து, பிறகு வெர்மீரே மூடிவிட்டது தெரிந்தது. எதை விடுவது, எதை எடுப்பது என்று கீறியவர் தீர்மானிக்கலாம். உங்கள் படத்தில் அவர் சிரட்டையை வேண்டுமென்றே விட்டிருக்கிறார். இன்னொருவர் கை வைத்தால் அது அவருடைய படமும் இல்லை, அம்மம்மாவின் படமும் இல்லை.

முடிந்தால் தம்பியை இங்கே கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் இருக்கும் சபுமல் பவுண்டேஷன் ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போங்கள். ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. உருவப்படம் கீறுவதில் பெயர்போன ஓவியர். 1943இல் இலங்கை ஓவியர்கள் சேர்ந்து தொடங்கிய ‘43 குழு’வின் ஓவியங்களை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

காஞ்சிபுரம்தான் வேண்டுமென்றால், பழைய புகைப்படத்தை வைத்துப் புதிதாக ஒரு படம் கீறுவிக்கலாமே?

வெள்ளவத்தை மகள்:
சரி, படத்தை இன்றைக்கே உள்ளே மாற்றுகிறேன். அம்மம்மாவின் கலியாணப் புகைப்படம் பெரியம்மாவிடம் இருக்க வேண்டும், கேட்கிறேன். தம்பிக்கு இதையெல்லாம் வாசிக்கக் கொடுத்திருக்கிறேன்.