பனிச்சறுக்கில் (ஸ்கீ), செங்குத்துச் சரிவில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உங்களுக்குப் பிடிபட்டது எப்போது?

பெர்னிலிருந்து:

மகள் பள்ளிக்கூட ஸ்கீலாகருக்கு (ஸ்கீ முகாமுக்கு) போய்வந்த குளிர்காலத்தில்தான் நானும் ஸ்கீ பூட் மாட்டினேன். அப்போது எனக்கு 41 வயது. எளிதான நீலப் பாதை, அப்புறம் நடுத்தரமான சிவப்பு என்று இரண்டு சீசனில் தேறிவிட்டேன். மூன்றாவது சீசனில் ஷில்ட்ஹோர்ன் உச்சியிலிருந்து மிகக் கடினமான கறுப்புப் பாதையில் இறங்கினேன். 1928 முதல் இன்ஃபெர்னோ ஸ்கீ பந்தயம் நடக்கிற மலை, உயரம் 2970 மீட்டர்.

சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் போய்விட்டது. கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு பூட்டின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம் விட்டுப்போனதும் ஸ்கீயின் முனை லேசாகி, திருப்பினால் திரும்பாமல் நேரே பள்ளத்தாக்கைப் பார்த்து ஓடியது. நிறுத்துவதற்காக ஸ்கீகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி ஆப்பு போட்டேன். இங்கே அதை 'ஃப்ளூக்' என்பார்கள், கலப்பை என்று அர்த்தம். நீலப் பாதையில் அழகாக நிறுத்திய கலப்பை அங்கே நிற்கவேயில்லை. விழுந்து முப்பது மீட்டர் சறுக்கிப்போனேன். அடி இல்லை. ஆனால் மிச்ச வழி முழுக்கத் தொடை நடுங்கியது.

அடுத்த வாரம் ஒரு ஆசிரியையிடம் தனியாக இரண்டு மணி நேரம் படித்தேன். முதல் அரை மணி நேரம் திருப்பமே சொல்லித்தரவில்லை. ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து நிற்கச் சொன்னார். இரண்டு முழங்காலையும் மலைப்பக்கம் லேசாக மடக்கினால் ஸ்கீயின் விளிம்பு பனியைப் பிடிக்கிறது. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தினால் 'கரகர' என்று பக்கவாட்டில் வழுக்குகிறது. பிடி, விடு, பிடி, விடு. நின்ற இடத்திலிருந்தே ஒரு செங்குத்துச் சரிவை இப்படி இறங்கிவிடலாம் என்று தெரிந்ததும் பயத்தில் பாதி போய்விட்டது.

அப்புறம்தான் திருப்பம். நான் ஒவ்வொரு திருப்பத்தையும் பாதியில் விட்டுவிட்டு அவசரமாக அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருந்தேன். ஸ்கீ முழுவதும் குறுக்கே வந்து, முனை மேட்டைப் பார்க்கிற வரை காத்திருக்கச் சொன்னார். அங்கே வேகம் தானாகச் செத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அடுத்ததைத் தொடங்கினால் போதும். உங்களுக்கெல்லாம் எப்படி?

டொராண்டோவிலிருந்து:

அண்ணா, எங்களுக்குப் பனியைவிட ஐஸ்தான் அதிகம். காலிங்வுட் பக்கம் புளூ மவுண்டனில், பகலில் உருகி இரவில் உறைந்தால் காலையில் கண்ணாடிதான். அதில் மலைப்பக்கம் சாய்ந்தேனென்றால் பள்ளத்தாக்குப் பக்கக் காலின் ஸ்கீ உடனே பிடியை விட்டுவிடும். இது எனக்குப் புத்திக்குத் தெரிந்தும் உடம்புக்குத் தெரிய ஒரு முழு சீசன் ஆனது.

உதவியது ஒரு பயிற்சி. நடுத்தரச் சரிவில், திருப்பத்தின்போது உள்பக்கக் காலின் ஸ்கீயைப் பனியிலிருந்து இரண்டு விரல் அளவு தூக்கிக்கொள்வது. தூக்க முடியவில்லை என்றால் எடை தவறான காலில் இருக்கிறது. ஒளிக்க வழியே இல்லை. தோளையும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே வைத்து, அடுத்த திருப்பத்துக்கு முன் கீழ்ப்பக்கம் கைக்கோலை ஊன்றுங்கள். கோல் ஊன்றும்போது நெஞ்சு கீழ்நோக்கிப் போகத்தான் வேண்டும். அதுதான் கஷ்டமான கணம்.

விளிம்பு மழுங்கிய ஸ்கீயோடு ஐஸுக்குப் போகாதீர்கள். நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், மெல்லிய துருவல் வந்தால் கூர்மை இருக்கிறது.

பெங்களூரிலிருந்து:

நான் உத்தரகண்டின் ஔலியில் கற்றுக்கொண்டு பிறகு காஷ்மீரின் குல்மார்க் போனவன். அங்கே இருக்கிற அஃபர்வாட் மலையின் ஆழமான புதுப்பனியில் ஒற்றைக்காலில் எடை போட்டால் அந்த ஸ்கீ புதைந்துவிடும், அதனால் எடையை இரண்டு காலிலும் பகிர்ந்து வைக்க வேண்டும். பனியே வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும். அங்கே எனக்குப் பெரிய விஷயம் மேலிருந்து பனி சரிந்து விழும் அபாயம்தான். பராமரித்த பாதையை விட்டு வெளியே வழிகாட்டி இல்லாமல் போகவே மாட்டேன்.

மீண்டும் பெர்னிலிருந்து:

தம்பி, அந்த உள்கால் பயிற்சியை இரண்டு வாரம் செய்தேன். போன மார்ச்சில் மகளோடு ஷவானெத் போனேன். பிரான்ஸ் எல்லையில் இருக்கிறது, 'சுவிஸ் சுவர்' என்பார்கள். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்தில் 331 மீட்டர் இறக்கம். சரிவின் மேல் விளிம்பில் நின்றால் கீழே இருக்கிற சரிவு கண்ணுக்குத் தெரியாது. பயமாக இருந்தால் நாற்காலி லிஃப்டிலேயே கீழே இறங்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது மிகச் சரியான முடிவாகவே படுகிறது.

நாங்கள் பத்தரை மணி வரை காத்திருந்தோம், வெயிலில் ஐஸ் இளகட்டும் என்று. மேல் பகுதியை முழுக்கப் பக்கவாட்டில் வழுக்கியே இறங்கினேன். அதற்குக் கீழே பனித்திட்டுகள் ஆள் இடுப்பளவு. ஒவ்வொன்றின் தலையிலும் கோலை ஊன்றி, திரும்பி, குறுக்கே வந்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்தது. நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. மகள் எட்டு நிமிடத்தில் இறங்கி, கீழே நின்று என் திருப்பங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு என்றாள்.

தம்பி, ஒரு கேள்வி: ஐஸுக்கு விளிம்பை எத்தனை டிகிரியில் தீட்டுகிறீர்கள்?