மண்புழு பெருகவே மாட்டேன் என்கிறது, அவசரம்

மேல்மலைக்காரன்:
வணக்கம். நாலு மாதமாகத் தொட்டியில் மண்புழு வளர்க்கிறேன். சாணி போடுகிறேன், தண்ணீர் தெளிக்கிறேன், மாதம் ஒருமுறை உரத்தைச் சலித்து எடுத்துவிட்டுப் புழுவைத் திரும்பத் தொட்டியில் விடுகிறேன். ஒரு குட்டிகூடக் கண்ணில் படவில்லை. விற்றவர் எல்லாம் ஆணாகப் பார்த்துத் தள்ளிவிட்டாரா? ஆண், பெண் எப்படிக் கண்டுபிடிப்பது?

கோத்தகிரி தேயிலை:
எந்த ஊர், என்ன புழு, தொட்டி வெயிலிலா கொட்டகையிலா? ஒன்றுமே சொல்லவில்லையே அண்ணே. எனக்கென்னவோ ஆப்பிரிக்கப் புழுவாக இருக்கும் என்றுதான் படுகிறது, அது குளிர் தாங்காது.

மண்வெட்டி:
இரண்டாக வெட்டி விடுங்கள், இரண்டு புழு ஆகிவிடும். சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறேன், இரண்டு துண்டும் நெளியும்.

விலங்கியல் வாத்தி:
நெளிவதெல்லாம் பிழைப்பது ஆகாது தம்பி. பெரும்பாலும் தலைப்பக்கம் பிழைத்து வால் முளைக்கும், வால்பக்கம் செத்துப்போகும். இதை இங்கே எத்தனை தடவை எழுதுவதோ. ஒவ்வொரு புழுவுக்குள்ளும் விந்தகமும் உண்டு, அண்டகமும் உண்டு, அதனால் ஆண் பெண் பார்க்கும் பேச்சே இல்லை. இரண்டு புழு தலைமாற்றி ஒட்டிப் படுத்து விந்தை மாற்றிக்கொள்ளும். அப்புறம் உடம்பில் மோதிரம் மாதிரித் தடித்திருக்கும் பட்டை ஒரு வளையத்தைச் சுரக்கும். புழு அதிலிருந்து பின்னால் உருவிக்கொண்டு வரும்போது முட்டையும், வாங்கி வைத்த விந்தும் அதற்குள் விழும். கழன்றதும் இரு முனையும் மூடிக் கூடாகிவிடும். குட்டி போடாது.

கோத்தகிரி தேயிலை:
தோட்டத்து மண்ணில் கிடக்கும் பாண்டோஸ்கோலக்ஸ் என்ற மண்புழு இணை சேராமலே பெருகுமே சார்?

விலங்கியல் வாத்தி:
அது கன்னி இனப்பெருக்கம், விந்து சேராமலே முட்டை வளர்வது. அங்கேயும் முட்டை உண்டு. உடம்பு துண்டாகிப் பெருகுவது லும்பிரிகுலஸ், குளத்துச் சேற்றுப் புழு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

மண்வெட்டி:
அப்பன் இல்லாமல் பிள்ளை வந்தால் அது பாலிலா இனப்பெருக்கம்தானே? பெயரை மாற்றினால் ஆச்சா? துண்டாகிப் பெருகும் புழு உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதையும் குறித்துக்கொள்கிறேன்.

மேல்மலைக்காரன்:
ஊர் பூம்பாறை, கொடைக்கானல் பக்கம். கொட்டகைதான். சிவப்புப் புழு, வால் நுனி மஞ்சள்.

விலங்கியல் வாத்தி:
அப்போது ஐசினியா, குளிர் தாங்கும். கோத்தகிரியார் ஆப்பிரிக்காவை விட்டுவிடலாம். சலிக்கும்போது மஞ்சளாக, எலுமிச்சை வடிவில், மிளகைவிடச் சின்னதாக ஏதாவது விழுந்ததா? 25 டிகிரியில் மூன்று வாரத்தில் பொரிக்கும், உங்கள் ஊர்க் குளிரில் இன்னும் இழுக்கும். ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று வரும்.

மேல்மலைக்காரன்:
அய்யோ, அதுவா! ஏதோ விதை என்று நினைத்து உரத்தோடு பூண்டுப் பாத்தியில் கொட்டிவிட்டேனே.

மேல்மலைக்காரன்:
இன்று பாத்தியில் ஒரு பிடி மண் அள்ளிப் பார்த்தேன். வெள்ளை நூல் மாதிரி ஏழெட்டு நெளிகிறது. நன்றி சார்.

கோத்தகிரி தேயிலை:
சல்லடைக் கண் என்ன அளவு அண்ணே?

மண்வெட்டி:
ஒன்றைக்கூட வெட்டிப் பார்க்கவில்லையா?