பட்டியலை ஏஐ எழுதட்டும், ஒப்புதல் நான் தர வேண்டும்: வழி சொல்லுங்களேன்

வணக்கம். ஏற்காட்டில் சின்னக் காப்பித் தோட்டம் எங்களுடையது. நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கினால் மூச்சுவிட நேரமிருக்காது. மேஸ்திரி வாட்ஸப்பில் அனுப்பும் குரல் பதிவுகளில் இருந்து வேலைகளைப் பிரித்து, கூகுள் டாஸ்க்ஸில் தேதியோடு போட ஒரு ஏஐ உதவியாளரைப் பழக்கி வருகிறேன். பிரிப்பதை நன்றாகவே செய்கிறது. ஆனால் நான் சரி சொல்லாமல் எதுவும் பட்டியலில் ஏறக் கூடாது. “மருந்து அடிக்கலாமா?” என்று அவர் கேட்டது “மருந்து அடிக்கவும்” என்று ஏறிவிட்டால், ஆள் கிளம்பிவிடுவார்!

‘கேட்டுவிட்டுச் செய்’ என்று எழுதி வைப்பது மட்டும் போதாது; டாஸ்க்ஸில் எழுதும் அனுமதியே அதன் கையில் இருக்கக் கூடாது. அங்கே வாசிக்க மட்டும் அல்லது முழு அனுமதி, இரண்டுதான். ஒரு பட்டியலுக்கு மட்டும் என்று பிரித்துத் தர முடியாது. அதனால் ஏஐ கூகுள் ஷீட்டில் ஒரு வரி எழுதும். நான் டிக் போட்டால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்டோடு சேர்த்து எழுதி வைக்கும் சின்ன நிரல்) அதை டாஸ்க்ஸில் ஏற்றும். ஏபிஐ வழியாக, அதாவது கையால் இல்லாமல் மென்பொருள் நேரடியாகச் செய்யும் மாற்றத்துக்கு எடிட் ட்ரிக்கர் (ஷீட்டில் திருத்தம் நடந்ததும் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் அமைப்பு) ஓடாது என்பதால், ஏஐயே டிக் போட்டாலும் ஒன்றும் ஆகாது. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

சிக்கல், தோட்டத்தில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. ஃபோனில் ஆஃப்லைனில் போட்ட டிக், சிக்னல் வந்ததும் ட்ரிக்கரை ஓட்டுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா? அப்புறம், ஒப்புதல் தந்த வரியை ஏஐ மறுபடி திருத்தாமல் பூட்ட, அதற்குத் தனிக் கணக்கு கொடுத்தால்தான் முடியுமா?

சேலத்தில் யாராவது இப்படிச் செய்து வைத்திருந்தால் சொல்லுங்கள், கீழே இறங்கும்போது நேரிலேயே வந்து பார்க்கிறேன்.