குட்டின்ஹோவை விற்ற காசில்தான் வான் டைக் வந்தாரா?

கோல்கம்பம்:
"கோடிகளைக் கொட்டி வாங்கினால்தான் கோப்பை வரும். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பைப் பாருங்கள், நடுக்கள ஆட்டக்காரர் குட்டின்ஹோவை விற்ற காசில் தடுப்பாட்டக்காரர் வான் டைக்கை வாங்கி ஐரோப்பாவையே ஜெயித்தார்கள்" என்று பத்தாம் எண் நேற்று ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. பெரிய விலையில் பாதிக்கு மேல் தண்டச் செலவு. அது இருக்கட்டும். வான் டைக் வருவதை அறிவித்தது 2017 டிசம்பர் 27. குட்டின்ஹோ பார்சிலோனாவுக்குப் போவது உறுதியானது 2018 ஜனவரி 6. இன்னும் விற்காத ஆளின் காசு எப்படி சார் கைக்கு வந்தது?

பத்தாம் எண்:
வாருங்கள் நாட்காட்டி, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். நெய்மாரை பாரிஸின் பி.எஸ்.ஜி. கிளப்புக்கு விட்டுக்கொடுத்த 22.2 கோடி யூரோவை வைத்துக்கொண்டு பார்சிலோனா ஆகஸ்டிலேயே குட்டின்ஹோவைக் கேட்டு நின்றது. அவரும் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆள் தங்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். வரப்போகிற பணத்தை நம்பிப் பத்து நாள் முன்னால் செலவு செய்தால் அது வேறு பணமாகிவிடுமா? 2019இல் மாட்ரிட்டில், ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் டாட்டன்ஹாமை 2-0 என்று ஜெயித்தபோது பின்னால் நின்றது வான் டைக்கும் கோல்கீப்பர் அலிசனும். இரண்டு பேருமே குட்டின்ஹோ காசு.

கோல்கம்பம்:
அலிசன் வந்தது 2018 ஜூலை. அவரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வான் டைக்குக்கு வாருங்கள். 2017 ஜூனிலேயே லிவர்பூல் அவர் பின்னால் அலைந்து, அவர் அப்போது ஆடிய சவுத்தாம்ப்டன் கிளப் கோபப்பட்டு, வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. குட்டின்ஹோவை விற்கமாட்டோம் என்று அடம்பிடித்ததும் அதே கோடையில்தான். விற்காமலே வாங்கத் தயாராக இருந்தவர்களுக்கு விற்ற காசு எதற்கு? டிசம்பர் 27.

பெஞ்ச் தேய்ப்பவன்:
அண்ணே, சின்ன சந்தேகம். பெரிய விலை தண்டம் என்பதுதானே உங்கள் கட்சி? ஏழரைக் கோடி பவுண்டு, அன்றைக்குத் தடுப்பாட்டக்காரர்களில் உலகச் சாதனை விலை. அதைச் சொந்தக் கையிருப்பிலிருந்து கொடுத்து, அப்புறம் சாம்பியன்ஸ் லீக்கும் முப்பது வருடம் கழித்து லீக் பட்டமும் வாங்கினார்கள் என்றால், நீங்கள் பேசுவது பத்தாம் எண்ணுக்குச் சாதகமாக அல்லவா இருக்கிறது?

கோல்கம்பம்:
தம்பி, பேச்சைத் திருப்பவேண்டாம். நான் கேட்டது தேதி.

கணக்குப்பிள்ளை:
ஒரு விஷயம் சொல்லட்டுமா? யாரும் மொத்தப் பணத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பதில்லை. பெரும்பாலும் தவணைதான். கணக்குப் புத்தகத்திலும் விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். பத்துக் கோடிக்கு ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் வருடத்துக்கு இரண்டு கோடி, சம்பளம் தனி. விற்கும்போது வரும் லாபம் மட்டும் அந்த வருடமே மொத்தமாக ஏறும். செல்சி கிளப் இதைப் பிடித்துக்கொண்டுதான் என்சோ ஃபெர்னாண்டஸ் என்ற ஆட்டக்காரருக்கு எட்டரை வருட ஒப்பந்தம் போட்டது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ விழித்துக்கொண்டு, எத்தனை வருட ஒப்பந்தமானாலும் ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று கட்டியது. அதனால் முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள். விலைக்குத் தகுந்த பலன் என்று நீங்கள் சொல்வது கோப்பையா, கணக்கு லாபமா, திரும்ப விற்கிற விலையா?

கோல்கம்பம்:
அருமையான பாடம், நன்றி. உங்கள் புத்தகத்தில் டிசம்பர் 27 வரவா, செலவா?

பத்தாம் எண்:
கணக்குப்பிள்ளையே தவணை என்று சொல்லிவிட்டாரே! டிசம்பரில் முழுப் பணமும் தேவையே இல்லை. முன்பணம் போதும். மீதிக்குக் குட்டின்ஹோ காசு. அவ்வளவுதான், முடிந்தது.

கோல்கம்பம்:
பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது இதுதான். வாங்குவது தவணையென்றால் விற்பதும் தவணைதானே? பார்சிலோனா மட்டும் ரொக்கமாக எண்ணி வைத்ததா? 14.2 கோடி பவுண்டு என்று எல்லோரும் ஊதுகிறீர்களே, அது 'வரை'. முதலில் பேசியது சுமார் பத்தரைக் கோடி. மீதி, அது நடந்தால் இது, இது நடந்தால் அது என்ற வகை.

நீலச்சட்டை:
எல்லோரும் லிவர்பூலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நெய்மார் சட்டை விற்றே பி.எஸ்.ஜி. பாதிக் காசை எடுத்துவிட்டது. அது பலன் இல்லையா?

பெஞ்ச் தேய்ப்பவன்:
மறுபடியும் சட்டைக் கதையா! சட்டை விற்ற பணத்தில் பெரும்பங்கு தைத்து விற்கிற நிறுவனத்துக்குப் போகும். கிளப்புக்குக் கிடைப்பது ஓரத்துத் துணி. 22.2 கோடி யூரோவைச் சட்டையில் எடுக்க, உலகத்தில் ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டு அலையவேண்டும்.

நீலச்சட்டை:
பொறாமை. 2020 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்கு பி.எஸ்.ஜி.யை யார் கூட்டிப்போனது?

பெஞ்ச் தேய்ப்பவன்:
கூட்டிப்போனார், ஜெர்மனியின் பயர்ன் கிளப்பிடம் 1-0 என்று தோற்றுக் கூட்டியும் வந்துவிட்டார். 2023இல் நெய்மார் கிளம்பினார், 2024இல் எம்பாப்பே கிளப்புக்கு ஒரு பைசா தராமல் கிளம்பினார், 2025இல் இத்தாலியின் இன்டரை 5-0 என்று அடித்து அதே கோப்பையை வாங்கினார்கள். அந்த அணியில் யார் கலக்கினார்? டெம்பெலே. பார்சிலோனா பத்துக் கோடிக்கு மேல் கொடுத்து வாங்கி, ஆறு வருடம் காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, ஐந்து கோடி யூரோவுக்கு விற்ற அதே டெம்பெலே.

பத்தாம் எண்:
ஆள் ஒருவர்தான், விலைதான் மாறியது. அப்போ தப்பு விலையில் இல்லை, பார்சிலோனாவிடம். நான் சொன்னதும் அதுவே. சரி, முதலில் குட்டின்ஹோ என்று எழுதுவதை எல்லோரும் நிறுத்துங்கள். பிரேசில்காரர்கள் சொல்வது கோட்டீன்யு. பெயரே தெரியாமல் தேதி பேச வந்துவிட்டார்கள்.

கோல்கம்பம்:
நேற்று நீங்கள் எழுதியது குட்டின்ஹோ. மேலே உள்ள உங்கள் பதிவுகளிலும் மூன்று தடவை குட்டின்ஹோ. எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். 2022 உலகக் கோப்பையில் சவுதியிடம் 2-1 என்று தோற்ற அன்று, "அர்ஜென்டினா முதல் சுற்றோடு மூட்டையைக் கட்டும்" என்று எழுதிவிட்டு, கோப்பையைத் தூக்கிய அன்று அந்தப் பதிவைக் காணாமல் அடித்தவர் ஆயிற்றே. உங்களிடமிருந்து உச்சரிப்பு வகுப்பா!

பத்தாம் எண்:
அதை நான் அழிக்கவே இல்லை. அது வேறு யாரோ.

கணக்குப்பிள்ளை:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கோல்கம்பம்:
இருங்கள் சார், இது முக்கியம். 2020 ஆகஸ்ட், லிஸ்பன், சாம்பியன்ஸ் லீக். பயர்ன் 8, பார்சிலோனா 2. கடைசிக் கால் மணி நேரத்துக்கு மாற்று ஆட்டக்காரராக ஒருவரை இறக்குகிறார்கள். பயர்னின் லெவண்டோவ்ஸ்கிக்குப் பந்தை எடுத்துக் கொடுத்து ஆறாவது கோல், அப்புறம் தானே ஏழாவது, எட்டாவது. யார்? பார்சிலோனா கிளப்பிலேயே மிக அதிக விலை கொடுத்து வாங்கி, பயர்னுக்கு இரவல் கொடுத்திருந்த அதே குட்டின்ஹோ. சொந்தக் காசில் ஆள் வாங்கி, எதிரி வீட்டில் உட்காரவைத்து, தன் வலையிலேயே கோல் வாங்கிக்கொண்டவர்கள் வேறு யாராவது உண்டா? அந்த வருடம் சாம்பியன்ஸ் லீக் பதக்கமும் அவர் கழுத்தில் விழுந்தது, பயர்ன் சட்டையில். பெரிய விலைக்குப் பலன் உண்டா என்றால் உண்டு, அடுத்தவனுக்கு.

பெஞ்ச் தேய்ப்பவன்:
இது நல்லா இருக்கு. ஆனால் பழைய கதையும் உண்டு அண்ணே. 1979இல் ட்ரெவர் ஃபிரான்சிஸ், பிரிட்டனின் முதல் பத்து லட்சம் பவுண்டு ஆட்டக்காரர். சில மாதத்தில் ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) இறுதியில் மால்மோவுக்கு எதிராக ஒரே கோல், அவர் தலையால் முட்டியது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குக் கோப்பை. அதுவும் தண்டமா?

கோல்கம்பம்:
ஒரு மழைத்துளியைக் காட்டி வெள்ளம் என்காதீர்கள். லெஸ்டர் கிளப் ஐம்பத்தாறு லட்சம் பவுண்டுக்குக் காண்டே என்ற ஆட்டக்காரரை வாங்கி 2016இல் இங்கிலாந்து லீக்கையே தூக்கியது.

பத்தாம் எண்:
ஹா, இப்போது தேதியை விட்டு லெஸ்டருக்கு ஓடுகிறார். வான் டைக் லிவர்பூலுக்கு ஆடிய முதல் ஆட்டமே எவர்ட்டனுக்கு எதிராக, எஃப்.ஏ. கோப்பை, 84ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி வெற்றி கோல். முதல் நாளே பணம் திரும்பிவிட்டது. கோட்டீன்யுவின் பணம்.

கோல்கம்பம்:
நன்றி! அந்த ஆட்டம் எந்தத் தேதி? ஜனவரி 5. குட்டின்ஹோ போவது உறுதியானது 6. கோலே அடித்து முடித்துவிட்டார் சார், உங்கள் காசு இன்னும் கிளம்பவில்லை.

பத்தாம் எண்:
டிசம்பர் 27 வெறும் அறிவிப்பு. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஜன்னல் திறந்தது ஜனவரி 1, அன்றுதான் அவர் லிவர்பூல் ஆள். ஆக ஐந்து நாள். ஐந்து நாளுக்கா இத்தனை கூப்பாடு?

கோல்கம்பம்:
காலையில் பத்து நாள், இப்போது ஐந்து. விடிவதற்குள் குட்டின்ஹோவை முதலில் விற்றதாகவே ஆக்கிவிடுவீர்கள். டிசம்பர் 27.

நீலச்சட்டை:
சட்டை பற்றிப் பேசினோமே, அது என்ன ஆயிற்று?