எலி மூளையிலிருந்து மனிதர்களுக்கு: வழி சொல்லுங்களேன்

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே. எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. நரம்பியலில் பிஎச்டி முடித்து, நாலு வருஷமாக பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் பற்றிய ஆய்வு. உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் ஏன் சாகின்றன, ஆல்பா சினுக்ளீன் என்ற புரதம் எப்படிக் கட்டியாகச் சேர்கிறது என்று எலி மூளையைச் சீவிச் சீவிப் பார்ப்பதுதான் பிழைப்பு.

வீட்டில் ஆச்சிக்கும் அதே நோய். லெவோடோபா மாத்திரை நேரம் தப்பினால் காபி டம்ளர் கையில் நிற்காது. 1960களில் வந்த மருந்து, இன்றைக்கும் அதுதான் கதி. புது மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும் பக்கம் போகலாம் என்று கிளினிக்கல் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் வேலை தேடுகிறேன்.

ஜிசிபி (மருந்துச் சோதனையை முறையாக நடத்தும் நெறிகள்) பயிற்சி ஆயிற்று, 2019 மருந்துச் சோதனை விதிகளும் படித்தாயிற்று. ஆனால் நேர்காணலில், "மனுஷங்களை வைத்து ஒரு டிரையலாவது நடத்தினீர்களா?" என்றார்கள். முழித்தேன். பட்ஜெட், எத்திக்ஸ் கமிட்டி எதிலும் கை வைத்ததில்லையே!

ஆஸ்பத்திரியில் டிரையல் கோஆர்டினேட்டராகக் கீழிருந்துதான் தொடங்கணுமா? பிஎம்பி என்ற புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ்த் தேர்வுக்கு ஆய்வுக்கூட அனுபவத்தைக் கணக்கில் காட்ட முடியுமா? அப்புறம் முக்கியமாக, ஆச்சியை விட்டுவிட்டு சென்னை போகாமல் திருநெல்வேலியிலிருந்தே செய்யும்படி ஏதும் உண்டா? சம்பளம் குறைந்தாலும் சரி. இந்த வழியில் போனவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.