தாய் நிறுவனம் ஒரு நாட்டில், துணை நிறுவனம் இன்னொரு நாட்டில்: உங்கள் அனுபவம் என்ன?

ராணிப்பேட்டையிலிருந்து:

சிப்காட்டில் ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் இந்தியத் துணை நிறுவனம். கணக்குப் பிரிவு என் பொறுப்பு. ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் தலைமையகத்திலிருந்து ஒரு டெபிட் நோட், அதாவது இவ்வளவு தர வேண்டும் என்று கேட்கும் சீட்டு, வரும். நிர்வாகக் கட்டணம், விற்பனையில் இத்தனை சதவீதம் என்று ஒரே வரி. டிடிஎஸ் பிடித்து, ஜிஎஸ்டியை நாங்களே கட்டி, பணத்தை அனுப்பிவிடுவோம். அக்டோபர் 31க்குள் ஆடிட்டர் கையெழுத்தோடு 3சிஇபி படிவமும் (வெளிநாட்டிலுள்ள நம் குழும நிறுவனங்களோடு நடந்த பரிவர்த்தனைகளை வருமான வரித்துறைக்குச் சொல்வது) போய்விடும். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் வருமான வரித்துறையிலிருந்து டிரான்ஸ்ஃபர் பிரைசிங் நோட்டீஸ் வந்தது. ஒரே குழும நிறுவனங்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் விலை நியாயமானதா என்று பார்ப்பதுதான் அது. ஃபைலோடு சென்னைக்குப் போனேன். என்ன சேவை செய்தார்கள், அதற்கு என்ன ஆதாரம், சம்பந்தமில்லாத வெளி ஆள் செய்திருந்தால் இவ்வளவு கொடுத்திருப்பீர்களா என்று அதிகாரி கேட்டார். என் கையில் அந்த ஒற்றைத் தாள்தான். கட்டணத்தின் மதிப்பு பூஜ்யம் என்று எழுதி, முழுத் தொகையையும் வரி போட எங்கள் வருமானத்தில் சேர்த்துவிட்டார்கள்.

எனக்கு ஆறாத விஷயம், சேவை உண்மையிலேயே நடந்திருந்தது. எங்கள் ஃபர்னஸ் பழுதானபோது அங்கிருந்த இன்ஜினியர் இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாகப் போனில் வழிகாட்டினார். அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இந்த ஊர்ச் சட்டத்தை விளக்கித் தலைமையகத்துக்கு எழுதினேன். எல்லா நாட்டிலும் இப்படித்தான் செய்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டும் அதே உத்தரவு வந்த பிறகுதான், யார், எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று மாதாமாதம் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

ஆம்பூரிலிருந்து:

அண்ணா, எங்கள் கதை தலைகீழ். இங்கே தாய் நிறுவனம் நாங்கள். ஷூ விற்க ஜெர்மனியில் சின்னதாக ஒரு துணை நிறுவனம். தோலில் குரோம் சிக்ஸ் (குரோமியத்தின் நச்சு வடிவம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம். அங்குள்ள மேலாளர் லாட்டுக்கு லாட் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டார். போன சீசன் ரிப்போர்ட் இருக்கிறதே, எதற்கு வீண் செலவு என்று தட்டிக்கழித்தேன். பதனிடும்போது சரியாக இருந்த தோலிலும், சூடான, காய்ந்த குடோனில் கிடந்தால் குரோம் சிக்ஸ் உண்டாகிவிடும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். சித்திரை வெயிலில் நம் தகரக் கூரை குடோன் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு லாட்டைச் சோதித்தோம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் வந்தது. கப்பலேறாமல் நிறுத்தினோம். இப்போது அவர் சரி என்று சொல்லாமல் கண்டெய்னருக்கு சீல் வைப்பதில்லை.