போலீஸ் சுட்டு செத்தா பாடிய ஏன் வாங்க மாட்டேங்குறாய்ங்க?

செல்லூர்க்காரன்:
போலீஸ் சுட்டு ஆள் செத்துட்டா சொந்தக்காரய்ங்க பெரியாஸ்பத்திரி மார்ச்சுவரி முன்னாடி உக்காந்துக்கிட்டு, சுட்டவங்க மேல நடவடிக்கை எடுக்குற வரைக்கும் பாடிய வாங்க மாட்டோம்ங்குறாய்ங்க, கூடவே ஊர்க்காரய்ங்க கட்சிக்காரய்ங்கனு கூட்டம் சேந்துருது. செத்தவன காக்க வச்சு என்ன கிடைக்கப்போகுதுனு எங்க சித்தப்பா கேக்குறாரு. சட்டப்படி ஏதாச்சும் பிரயோஜனம் இருக்கா?

முத்துநகர் மருமக:
நான் தூத்துக்குடில பொறந்தவ. 2018 மே 22 ஸ்டெர்லைட் துப்பாக்கிச்சூடு, 13 பேரு செத்தாங்க. அப்ப குடும்பத்துக்காரங்க வாங்க மாட்டோம்னு நின்னாங்க, ஹைகோர்ட்டுக்கும் கேஸ் போச்சு, உடல்கள பத்திரமா வைக்கணும்னு உத்தரவு வந்துச்சு. அடக்கம் பண்ணிட்டா குண்டு முன்னாடி பாஞ்சுச்சா பின்னாடியானு யாருங்க வந்து சொல்றது?

தல்லாகுளம் வக்கீல்:
வாங்காம இருக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல தம்பி. ஆனா அந்த ஒண்ணு ரெண்டு நாள்லதான் கேக்க வேண்டியத கேக்க முடியும். பியூசிஎல்-ங்குற மனித உரிமை அமைப்பு போட்ட கேஸ்ல, போலீஸ் சுட்டு ஆள் செத்தா என்ன பண்ணணும்னு 2014-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு, எஃப்ஐஆர் போடணும், விசாரணைய சிஐடியோ வேற ஸ்டேஷன் போலீஸோதான் பண்ணணும், போஸ்ட்மார்ட்டம் ரெண்டு டாக்டர் பண்ணணும், அத வீடியோ எடுக்கணும், சுட்ட துப்பாக்கிய ஒப்படைக்கணும், மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்கணும். இது நடக்கலன்னா குடும்பம் செஷன்ஸ் ஜட்ஜ்கிட்ட புகார் குடுக்கலாம். நம்மாளுங்க நீதி வேணும் நீதி வேணும்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்துறாங்க, எஃப்ஐஆர் சுட்டவர் மேலயா செத்தவர் மேலயானு ஒருத்தரும் கேக்குறதில்ல, எனக்கு எரிச்சலே அதுலதான்.

ஒத்தக்கடை ராசா:
ரவுடிய சுட்டதுக்கெல்லாம் எதுக்குய்யா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? பயம் இருக்கணும்ல.

முத்துநகர் மருமக:
ராசாண்ணே, எங்க ஊர்ல செத்ததுல பிளஸ் டூ முடிச்ச பொண்ணும் ஒண்ணு. அதுவும் ரவுடியா?

செல்லூர்க்காரன்:
அதுக்குத்தான் கமிஷன் போட்டாங்களே அக்கா, அதோட முடிஞ்சிருச்சுல?

தல்லாகுளம் வக்கீல்:
எங்க முடிஞ்சுச்சு. ஸ்டெர்லைட் துப்பாக்கிச்சூட்ட விசாரிச்ச அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கைய 2022 அக்டோபர்ல சட்டசபைல வச்சாங்க, 17 போலீஸ்காரங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லிருந்துச்சு. ஆனா கமிஷன் சொல்றது சிபாரிசுதான், அரசு கேட்டே ஆகணும்னு இல்ல. தண்டனைனா அது கிரிமினல் கேஸ் நடந்துதான் வரணும். அந்தக் கேஸ சிபிஐக்கு மாத்துனது 2018 ஆகஸ்ட்ல நம்ம ஹைகோர்ட் மதுரை கிளைதான், ராசா வீட்டுக்குப் பக்கத்து கோர்ட்டு, அவருக்குத்தான் தெரியல 😄 அப்புறம் தம்பி, மனித உரிமை கமிஷனுக்குப் போறதுனா சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள புகார் குடுத்துறணும், நிறைய குடும்பம் காரியம் முடியட்டும்னு இருந்து அத விட்டுர்றாங்க.